கலிமா சொல்லி மூன்று மாதம், தொழுகை இன்னும் சரியாக வரவில்லை: நான் முஸ்லிம்தானா?

நீங்கள் கேட்டதை முதலில் நான் விளங்கிக்கொண்ட மாதிரி சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கக் குடும்பம். வேலைத்தளத்துத் தோழி ஒருத்தியின் வீட்டில் வைத்துக் கலிமா (இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி) சொல்லி மூன்று மாதம் ஆகிறது. கல்யாணத்துக்காக வரவில்லை, வாசித்து யோசித்துத்தான் வந்தீர்கள். அரபு ஓதத் தெரியாது. யூடியூபைப் பார்த்துத் தொழுகிறீர்கள், நடுவில் மறந்துவிடுகிறது. ஒருவர் சொல்லித் தந்ததை இன்னொருவர் பிழை என்கிறார். வீட்டில் நாய் இருக்கிறது, உங்கள் அறையிலேயே மாதா படம் இருக்கிறது. நோன்பு நெருங்குகிறது, அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. கடைசியில் ஒரு வரி: "இதையெல்லாம் சரியாகச் செய்யப் பழகும் வரைக்கும் நான் முஸ்லிமா, இல்லையா?" தொழுகை முறையும் நோன்பும் மேலே இருக்கும் கேள்விகள். அடியில் இருப்பது, "நான் நடிக்கிறேனோ" என்ற பயம் என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை.

நானும் வெளியிலிருந்து வந்தவள்தான். வெள்ளவத்தையில் சைவக் குடும்பத்தில் பிறந்தேன். இப்போது பல வருடங்களாகத் தெமட்டகொடையில் ஒரு வீட்டு மேல்மாடியில், இஸ்லாத்துக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு ஓதவும் தொழவும் பழக்குகிறேன். ஆலிமா (மார்க்கக் கல்வி முடித்தவள்) இல்லை, மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. அதனால் எது எல்லாரும் ஒத்துக்கொள்வது, எதில் உலமாக்களுக்குள் (மார்க்க அறிஞர்களுக்குள்) கருத்து வேறுபாடு, எது என் அனுபவம் மட்டும் என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானதில் தொடங்குவோம். அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை, முஹம்மத் அவனுடைய தூதர் என்று நம்பி வாயால் சொன்ன நிமிடத்தில் நீங்கள் முஸ்லிம். சடங்கோ, புதுப் பெயரோ, பள்ளிவாசல் கடிதமோ அதற்கு நிபந்தனை இல்லை. அதற்கு முந்திய பாவங்கள் அழிந்துபோகின்றன, அந்தக் காலத்துக்குத் தொழுகையோ நோன்போ திருப்பிச் செய்ய வேண்டியதும் இல்லை. நபியவர்கள் தம் தோழர் முஆத் அவர்களை யமனுக்கு அனுப்பும்போது, "வேதம் கொடுக்கப்பட்ட மக்களிடம் போகிறீர்" என்று சொல்லி ஒரு ஒழுங்கையும் சொல்லி அனுப்பினார்கள். முதலில் கலிமா. அதை ஏற்றுக்கொண்டால் ஐந்து நேரத் தொழுகை. அதற்கும் இணங்கினால் ஸகாத் (ஏழைகளுக்கான கட்டாயக் கொடை). புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் வரும் ஹதீஸ் (நபிமொழி) இது. வேதம் கொடுக்கப்பட்டவர்கள் என்றால் யூதர்களும் கிறிஸ்தவர்களும், அவர்களுக்கே சொல்லப்பட்ட ஒழுங்கு என்பதால் நான் இதை அடிக்கடி எடுத்துச் சொல்வேன். உங்களைச் சுற்றி இருப்பவர்கள் அன்பினால்தான் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் கையில் தருகிறார்கள்: ஹபாயா, துஆப் புத்தகங்கள், சாப்பாட்டுப் பட்டியல், யாரோடு கதைக்கலாம் யாரோடு கூடாது என்பதெல்லாம். அவர்கள் பிறந்ததிலிருந்து இருபது வருடத்தில் பழகியதை உங்களுக்கு மூன்று மாதத்தில் தருகிறார்கள். நீங்கள் முதலில் பிடிக்க வேண்டியது தொழுகை. அதைப் பிடித்துக்கொண்டு மற்றதற்கு அவகாசம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இனித் தொழுகை. கொழும்பு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாஃபி மத்ஹபை (மார்க்கச் சட்ட மரபை) பின்பற்றுகிறவர்கள். மேமன் சமூகத்தவரும் வேறு சிலரும் ஹனஃபி. உங்கள் தோழி குடும்பம் ஷாஃபி என்று எழுதியிருப்பதால் அதன்படியே சொல்கிறேன். தொழுகையில் நாம் செய்வது எல்லாம் ஒரே தரத்தில் உள்ளவை அல்ல. சில விடயங்கள் தொழுகையின் தூண்கள், அவை விடுபட்டால் தொழுகை செல்லாது. நிய்யத்து (மனதில் எண்ணுவது), முதல் தக்பீர் (அல்லாஹு அக்பர் சொல்வது), நிற்பது, ஒவ்வொரு ரக்அத்திலும் (தொழுகையின் ஒவ்வொரு சுற்றிலும்) ஃபாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்), ருகூஉ (குனிவது), அதிலிருந்து நிமிர்வது, இரண்டு ஸுஜூது (நெற்றி தரையில் பட வணங்குவது), அவற்றுக்கு இடையில் உட்காருவது, கடைசி இருப்பில் ஓதும் அத்தஹிய்யாத்தும் நபிக்கான ஸலவாத்தும், தொழுகையை முடிக்கும் முதல் ஸலாம், இவற்றை அவசரமில்லாமல் வரிசைப்படி செய்வது. இவ்வளவுதான். ருகூவிலும் ஸுஜூதிலும் சொல்லும் தஸ்பீஹ், ஃபாத்திஹாவுக்குப் பிறகு ஓதும் சின்ன ஸூரா, தொடக்க துஆ எல்லாம் ஷாஃபி மத்ஹபில் ஸுன்னத்து (செய்தால் நல்லது, கட்டாயமில்லை). மறந்தாலும் தொழுகை கூடும், அதாவது செல்லும். "சுப்ஹான றப்பியல் அளீம் மறந்துபோனது, திரும்ப முதலிலிருந்து தொழுதேன்" என்று எழுதியிருந்தீர்கள். தேவையில்லை. இரண்டாம் ரக்அத்தில் உட்கார மறந்தால்கூட, கடைசியில் ஸலாம் கொடுக்க முன் மறதிக்காக இரண்டு ஸுஜூது செய்தால் போதும்.

ஃபாத்திஹா இன்னும் பாடமில்லையே என்றால், அதற்கும் வழி இருக்கிறது. ஒரு மனிதர் நபியவர்களிடம் வந்து, குர்ஆனில் எதையும் என்னால் பாடமாக்க முடியவில்லை, எனக்குப் போதுமானதைச் சொல்லித் தாருங்கள் என்று கேட்டார். "சுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், லா இலாஹ இல்லல்லாஹ், அல்லாஹு அக்பர், லா ஹவ்ல வலா குவ்வத்த இல்லா பில்லாஹ்" என்பதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. ஷாஃபி சட்டமும் இதே வழியில்தான் போகிறது: ஃபாத்திஹா தெரியாதவர் தெரிந்த வேறு ஏழு வசனங்களை ஓத வேண்டும், அதுவும் தெரியாவிட்டால் திக்ரு (அல்லாஹ்வை நினைவுகூரும் இந்த மாதிரிச் சொற்கள்). ஆனால் படிக்கும் முயற்சியை விட்டுவிடக் கூடாது. ஃபாத்திஹாவைப் பெரிய எழுத்தில் எழுதிக் கண் மட்டத்தில் சுவரில் ஒட்டிப் பார்த்து ஓதினாலும் இந்த மத்ஹபில் தொழுகை கூடும். என்னிடம் வருகிற பெண்களுக்கு நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

தமிழ் எழுத்தில் எழுதிய ஃபாத்திஹாவை ஒரு ஆதாரமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அரபில் வேறு வேறாக இருக்கும் பல எழுத்துகள் தமிழில் ஒரே எழுத்தாகிவிடும். ஆகவே உங்கள் வாயைப் பார்த்துத் திருத்த ஒரு மனிதர் வேண்டும். கிழமைக்கு ஒரு நாள் அரை மணித்தியாலம் ஒரு ஆலிமாவுக்கு முன்னால் உட்கார்ந்தால், வீடியோ பார்த்து ஒரு மாதத்தில் வராதது வரும். கிழமைக்கு ஒரு வசனம் எடுங்கள். ஏழு வசனம், ஏழு கிழமை. காயிதாவையும் (அரபு எழுத்துப் பாடநூல்) பக்கத்தில் தொடங்குங்கள். வயது வந்த பெண்களுக்கு இதில் வெட்கம் அதிகம். மத்ரஸாவில் ஏழு வயதுப் பிள்ளைகள் மளமளவென்று ஓதும்போது பக்கத்தில் உட்கார்ந்து அலிஃப், பே சொல்வது லேசான காரியமில்லை. திக்கித் திணறி ஓதுகிறவருக்கு இரண்டு கூலி என்று ஆயிஷா நாயகி அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நீங்கள் நடிக்கிறவர் என்றால் யாரும் பார்க்காத ஸுபஹ் (விடியற்காலைத் தொழுகை) நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, பிழைத்துப் பிழைத்து ஏன் திரும்பத் தொழ வேண்டும்? எனக்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது.

"ஒருவர் சொன்னதை இன்னொருவர் பிழை என்கிறார்" என்பது கொழும்பில் புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணும் சந்திப்பது. ஸுபஹில் குனூத்து (நின்றபடி கேட்கும் ஒரு துஆ) ஓத வேண்டும் என்று தோழியின் உம்மா சொல்லித் தந்தார், மத்ஹபைப் பின்பற்றாத தவ்ஹீத் பக்கம் சார்ந்த இன்னொரு தோழி அது பித்அத் (மார்க்கத்தில் பிறகு புகுத்தியது) என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். குனூத்து ஷாஃபி மத்ஹபில் ஸுன்னத்து. ஹனஃபி, ஹன்பலி மத்ஹபுகளில் ஸுபஹில் வழக்கமாக ஓதுவதில்லை. ஆயிரம் வருடத்துக்கும் மேலான கருத்து வேறுபாடு அது. ரமழான் இரவுத் தொழுகையான தராவீஹ் இருபது ரக்அத்தா எட்டா என்பதும், கையை எங்கே கட்டுவது என்பதும் அப்படித்தான். இவற்றில் யார் சரி என்று நான் சொல்லப் போவதில்லை, நீங்களும் இப்போது தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. ஒரு ஆசிரியரைத் தெரிவுசெய்து, குறைந்தது முதல் ஒரு வருடம் அவர் காட்டித் தந்தபடி தொழுங்கள். இது மார்க்கச் சட்டமில்லை, என் அனுபவம். இரண்டு மூன்று பேரிடம் ஒரே நேரத்தில் படித்த பெண்கள்தான் களைத்துப்போய்த் தொழுகையையே விட்டதைக் கண்டிருக்கிறேன்.

வுழூவில் (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவதில்) உங்களைக் குழப்பியது பஸ் பயணம். ஷாஃபி மத்ஹபில், மணம் முடிக்கத் தடையில்லாத ஆணின் தோலில் தோல் பட்டால் வுழூ முறியும். நெரிசலில் உடுப்புக்கு மேலால் இடிபட்டால் முறியாது. காலி வீதியில் மாலை நேரத்து 100ஆம் இலக்க பஸ்ஸில் வருகிறவருக்கு இது சின்ன விடயமில்லைதான். நீளக் கை உடுப்பு போட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது, சந்தேகமாக இருந்தால் இறங்கிய பிறகு வுழூ செய்துகொள்ளலாம். பட்டது உறுதியாகத் தெரியாவிட்டால் வுழூ இருப்பதாகவே கணக்கு. ஹனஃபியில் வெறும் தொடுகையால் வுழூ முறியாது.

நாயைப் பற்றி: ஷாஃபி மத்ஹப் இதில் இறுக்கமானது. நாயோ நாம் தொட்ட இடமோ ஈரமாக இருந்தால் அந்த இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். இரண்டும் காய்ந்திருந்தால் கழுவத் தேவையில்லை. மாலிகி மத்ஹபில் உயிருள்ள நாய் அசுத்தமில்லை. பெற்றோர் வீட்டில், அவர்கள் வளர்க்கும் நாயோடு இருக்கிற ஒரு பெண் எவ்வளவு தூரம் அந்தக் கருத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பதை ஒரு ஆலிமிடம் உங்கள் நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள், எனக்கு அந்த அதிகாரம் இல்லை. நடைமுறையில், தொழுகைக்கு என்று ஒரு உடுப்பையும் பாயையும் அலுமாரியில் எடுத்து வையுங்கள். நாயை வீட்டை விட்டு அனுப்பச் சொல்லி அம்மாவிடம் சண்டை பிடிக்காதீர்கள். மாதா படம் இருக்கும் அறையில் தொழுதால் தொழுகை கூடும். ஆனால் படத்தை முன்னோக்கித் தொழுவது வெறுக்கப்பட்டது, ஆகவே கிப்லா (தொழும் திசை) அந்தப் பக்கமாக இருந்தால் வேறு மூலைக்கோ அறைக்கோ போங்கள்.

பெண்களுக்கான விடயம் ஒன்றை யாரும் உங்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை, ஏனென்றால் முஸ்லிம் வீடுகளில் அது பேசாமலே பழகிவிடும். மாதவிடாய் நாட்களில் தொழுகை இல்லை, அந்தத் தொழுகைகளைத் திருப்பித் தொழவும் வேண்டாம். நோன்பும் பிடிக்கக் கூடாது, ஆனால் அந்த நோன்புகளைப் பிறகு களாச் செய்ய (ஈடாகப் பிடிக்க) வேண்டும். இதில் கருத்து வேறுபாடே இல்லை. நின்ற பிறகு நிய்யத்தோடு உடம்பு முழுக்கத் தண்ணீர் படக் குளித்துவிட்டுத் தொழத் தொடங்க வேண்டும். அதேபோல் கலிமா சொன்ன பிறகு குளித்தீர்களா என்று பாருங்கள். குளிப்புக் கடமையான நிலையில் இஸ்லாத்துக்கு வந்தவர் கட்டாயம் குளிக்க வேண்டும் என்பது ஷாஃபி மத்ஹப், பெரியவளான பெண்ணுக்கு அநேகமாக அது பொருந்தும். இந்த மூன்று மாதத்தில் விட்ட தொழுகைகளை, தெரியாமல் விட்டதா சோம்பலில் விட்டதா என்று பிரித்து ஆலிமிடம் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் களாச் செய்யுங்கள்.

பெயர் மாற்றத்தைப் பற்றிச் சுருக்கமாக: கருத்து மோசமான, ஈமானுக்கு (நம்பிக்கைக்கு) மாறான பெயராக இருந்தால்தான் மாற்ற வேண்டும். உங்களுடையது அப்படியில்லை. உடுப்பைப் பொறுத்தவரை, தொழுகையில் முகமும் கையும் தவிர மற்றது மறைய வேண்டும், ஷாஃபியில் பாதமும் சேர்த்து. வெளியில் முக்காடு கடமை என்பதும் நான்கு மத்ஹபுகளின் கருத்து, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது கறுப்பு ஹபாயாவாக இருக்க வேண்டும் என்று இல்லை. எப்போது, எப்படித் தொடங்குவது என்பதை வீட்டு நிலைமையோடு சேர்த்து யோசியுங்கள்.

முஸ்லிமாவதற்கு நிபந்தனை இல்லை என்றாலும், நீங்கள் இஸ்லாத்துக்கு வந்ததற்கான பள்ளிவாசல் கடிதம் ஒன்று மட்டும் எடுத்து வையுங்கள். நம் நாட்டு அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை விரும்பிய மதத்தைத் தழுவும் சுதந்திரத்தைத் தருகிறது, யாரிடமும் அனுமதி எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நிக்காஹ் (திருமணம்), ஹஜ், மரணம் என்று வரும்போது நீங்கள் முஸ்லிம் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். ஜனாஸா (அடக்கம்) விடயத்தில் பிறந்த குடும்பத்துக்கும் பள்ளிவாசலுக்கும் இடையில் இழுபறி வந்தால் இரண்டு பக்கமும் நொந்துபோகும். அடுத்தது, இப்போதே உங்களுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். அவசரப்படாதீர்கள். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் மணமகளின் கையெழுத்துத் தேவைப்படுவதில்லை, வலி எனப்படும் ஆண் பாதுகாவலர்தான் உங்கள் சார்பில் நிற்பார். முஸ்லிம் ஆண் உறவு இல்லாத உங்களுக்கு அந்த இடத்தில் காதி (முஸ்லிம் திருமண விடயங்களுக்கான நீதிபதி) வருவார். இதைத் திருத்த வேண்டும் என்று பல வருடமாகப் பேச்சு நடக்கிறது. மஹர் (மணமகன் தரும் மணக்கொடை), வேலைக்குப் போவது, அம்மாவைப் பார்க்கப் போவது எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள், சொத்து விடயத்துக்குச் சட்டத்தரணியைப் பாருங்கள்.

நோன்பு நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. கொழும்பு பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் எந்த மாதத்தில் ரமழான் வந்தாலும் 13 முதல் 14 மணித்தியாலத்துக்குள்தான். முதல் மூன்று நான்கு நாள் தலையிடிக்கும், அது அநேகமாகத் தேத்தண்ணி இல்லாததால். இப்போதிருந்தே காலைத் தேத்தண்ணியைக் குறையுங்கள். ஷாஃபியில் ஒவ்வொரு இரவும் ஸுபஹுக்கு முன் நிய்யத்து வைக்க வேண்டும். பிறை பற்றிக் கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிப்பு வரும், சவூதி அறிவித்துவிட்டது என்று போனில் வருவதைப் பார்த்து முந்தி விடாதீர்கள். விடுபடும் நாட்களைக் குறித்து வைத்து அடுத்த ரமழானுக்கு முன் பிடித்துவிடுங்கள். நோன்பு திறக்க முடிந்த நாட்களில் தோழி வீட்டுக்குப் போங்கள். தனியாக அறைக்குள் ஒரு பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்த பெண்கள் அந்த மாதத்தை அழுதுகொண்டே கழித்ததை அறிவேன். கஞ்சியும் நாலு பேரும் இருக்கும் இடத்தில் திறப்பது வேறு.

கடைசியாக அம்மா. இதில்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். குர்ஆன் லுக்மான் அத்தியாயம் 15ஆம் வசனத்தில், இணைவைக்கும்படி பெற்றோர் வற்புறுத்தினால் கீழ்ப்படிய வேண்டாம், ஆனால் உலக விடயத்தில் அவர்களோடு நல்ல முறையில் நடந்துகொள் என்று இருக்கிறது. நபித்தோழர் அபூபக்ரின் மகள் அஸ்மா, இஸ்லாத்தை ஏற்காத தாய் தன்னைத் தேடி வந்தபோது சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, ஆம், தாயோடு உறவைச் சேர்ந்து நட என்று நபியவர்கள் சொன்னார்கள். ஆகவே அம்மாவை விட்டு விலகினால்தான் ஈமான் பலமாகும் என்று யாராவது சொன்னால், அது மார்க்கமில்லை.

உங்கள் அம்மா செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகிறவர். 2019 ஏப்ரல் 21 அன்று அந்தக் கோவிலில் இஸ்லாத்தின் பெயரில் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதலை அந்தத் தெருக்களில் இருக்கிற எந்தத் தாயும் மறக்க மாட்டார். நீங்கள் இஸ்லாம் என்ற சொல்லை எடுத்ததும் அவருக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வரும். "அது வேறு, இது வேறு" என்று ஒரு வரியில் தள்ளிவிடாதீர்கள். அவர் பேசட்டும், அழட்டும், கோபப்படட்டும். அன்று செத்தவர்களுக்காக உங்களுக்கும் வலிக்கிறது என்பதை அவர் முதலில் அறிய வேண்டும். அப்புறம் மர்யம் (மாதா) பற்றிச் சொல்லலாம். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தான், 19ஆம் அத்தியாயமே அவர் பெயரில் இருக்கிறது, ஈஸா நபி (இயேசு) தகப்பன் இல்லாமல் பிறந்ததை நாமும் நம்புகிறோம். ஆனால் அவரைத் தேவகுமாரன் என்று நாம் ஏற்பதில்லை, சிலுவையில் இறந்ததாகவும் நம்புவதில்லை. அம்மா கேட்டால் இதை மழுப்பாதீர்கள், பிறகு வேறு யாரும் சொல்லி அறிந்தால் ஏமாற்றியதாக நினைப்பார்.

நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) வீட்டில் இருக்கலாமா, மரணவீட்டுப் பூசைக்குப் போகலாமா என்பதில் உலமாக்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். மரணவீட்டுக்குப் போய் உறவினரைத் தேற்றுவதில் தடையில்லை, வழிபாட்டில் சேர்ந்துகொள்ள முடியாது என்பது வரைக்கும்தான் நான் உறுதியாகச் சொல்வேன். பிரண்டி ஊற்றிய ரிச் கேக் வேண்டாம் என்பது சரி, அதற்காக அம்மா சமைக்கும் எல்லாவற்றையும் தள்ளாதீர்கள். மீனும் மரக்கறியும் சோறும் நேற்று மாதிரியே இன்றும் சாப்பிடலாம்.

ஸஹருக்கு (விடியுமுன் சாப்பிட) எழும்பும்போது அவராகக் கண்டுபிடிக்க விடாமல், நோன்புக்கு இரண்டு கிழமை முன்னரே நீங்களே சொல்லிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை வேண்டாம், கோவிலிலிருந்து வந்த மனதோடு இருப்பார். அம்மாவும் நீங்களும் மட்டும் இருக்கும் நேரமாகப் பாருங்கள், சொல்லும்போது தோழியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அண்ணாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவர் கை நீட்டுவார் என்ற பயம் உண்மையாகவே இருந்தால் இந்த ரமழானுக்குச் சொல்லாமல் விடுங்கள், போய் நிற்க ஒரு இடத்தை ஒழுங்கு செய்த பிறகு சொல்லலாம். அதுவரை ஈமானை வெளியே காட்டாமல் இருப்பதில் குற்றமில்லை.